ஒரு சந்தை, இரு அரசுகள்!

களியக்காவிளையில் தேசிய நெடுஞ்சாலையோரம் நிற்பவருக்குத் தமிழகம் எங்கே முடிகிறது, கேரளம் எங்கே தொடங்குகிறது என்பது பெயர்ப் பலகையைப் பார்த்தால்தான் புரியும். இப்புறம் களியக்காவிளை, அப்புறம் இஞ்சிவிளை, பாறசாலை. இன்னும் சற்றுத் தொலைவு சென்றால் அமரவிளை, நெய்யாற்றின்கரை. கடைக்காரர் தமிழிலும் விலை சொல்வார், மலையாளத்திலும் சொல்வார். ஒரே குடும்பத்தில் அண்ணன் வீடு தமிழகத்திலும் தம்பி வீடு கேரளத்திலும் இருப்பது இங்கு வியப்புக்குரிய செய்தியல்ல.

அதிகாலையில் இச்சாலையில் என்னென்ன செல்கின்றன என்று பார்த்தாலே போதும், இரு மாநிலங்களின் உறவு விளங்கிவிடும். தோவாளைப் பூ, ஒட்டன்சத்திரம் காய்கறி, நாமக்கல் முட்டை, குமரியின் வாழைத்தார் என அனைத்தும் மேற்கு நோக்கிச் செல்கின்றன. திருவனந்தபுரத்துச் சமையலறைகளில் அடுப்பு மூட்டப்படுவதற்கு முன்பே அவை அங்கு சென்று சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் வாடுவது பூ மட்டுமன்று. அதைப் பறித்தவர், கட்டியவர், ஏற்றியவர் ஆகிய அனைவரின் அன்றைய கூலியும்தான்.

இதற்குத்தான் மேலாண்மைக் கல்லூரிகளில் விநியோகச் சங்கிலி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். விளைகிற இடத்திலிருந்து நுகர்கிற இடம்வரை ஒரு பொருள் கடந்து செல்லும் கைகளின் வரிசையே அச்சங்கிலி. சரியான பொருள், சரியான அளவில், சரியான நேரத்தில், கட்டுப்படியாகும் விலையில் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் முதல் பாடம். ஒரு கண்ணி பலவீனமானால் முழுச் சங்கிலியும் பலவீனமாகும் என்பது இரண்டாவது பாடம். இவை பெரும் நிறுவனங்களுக்கு மட்டுமே உரிய பாடங்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அரசுகளுக்கும் உரியவை என்பதை நினைவூட்டுவதற்குப் பாறசாலை எல்லையை விடப் பொருத்தமான இடம் வேறில்லை.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு இங்கு எல்லையே இல்லை. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கியது. தலைநகர் திருவனந்தபுரத்தின் உலையில் கொதித்தது நாஞ்சில் நாட்டு அரிசி. மொழிவழி மாநில அமைப்பின்போது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து குமரி மாவட்டமாயின. மார்ஷல் நேசமணி தலைமையில் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரை வட்டத்தின் தமிழ்ப் பகுதிகளையும் கோரியது. அது நிறைவேறவில்லை. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடைபெற்ற துப்பாக்கிச்சூட்டில் உயிர்நீத்தவர்களை இன்றும் குமரி மாவட்டம் நினைவுகூர்கிறது.

எல்லை எங்கே அமைந்திருக்க வேண்டும் என்ற பழைய வழக்கை மீண்டும் எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கோடு வரையப்பட்டுவிட்டது. ஆனால், கோட்டை வரைந்தவர்கள் அதற்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த வணிகத்தை என்ன செய்வது என்று வகுத்துத் தரவில்லை. நெல் விளையும் நிலம் ஒரு மாநிலத்துக்கும், அதை உண்ணும் வயிறு இன்னொரு மாநிலத்துக்கும் போயின. நடுவே வந்து நின்றது சோதனைச் சாவடி.

அமரவிளை வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலம் ஓட்டுநர்களுக்கு மறந்திருக்காது. அந்த வரிசைக்கு ஒரு கணக்கு உண்டு. 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் நிறுவிய எளிய விதி அது. ஓரிடத்துக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் வருகின்றனவோ, அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு வண்டியும் அங்கு செலவிடும் நேரத்தால் பெருக்கினால், அங்கு எந்நேரமும் நிற்கும் வண்டிகளின் சராசரி எண்ணிக்கை கிடைத்துவிடும். மணிக்கு 60 லாரிகள் வந்து, ஒவ்வொன்றும் அரை மணி நேரம் நின்றால் சாலையில் எப்போதும் 30 லாரிகள் நிற்கும். சோதனை நேரம் 2 மணியானால் 120 லாரிகள் நிற்கும். கூடுதலாக ஒரு லாரிகூட வரவில்லை. ஆனால், வரிசை நான்கு மடங்காகிவிட்டது. சாலையை அகலப்படுத்துவதால் மட்டும் இவ்வரிசை குறையாது. நிற்கும் நேரத்தைக் குறைத்தால்தான் குறையும்.

2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையேயான சரக்குகளுக்கு மின்னணு வழிச்சீட்டு கட்டாயமாயிற்று. அவ்வரி பற்றி ஆயிரம் குறைகள் கூறலாம். மாநிலங்களின் நிதி உரிமையை அது சுருக்கிவிட்டது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. எனினும், எல்லையில் லாரி நிற்கும் நேரம் குறைந்தது என்பதை மறுக்க இயலாது. ஒரு கொள்கை முடிவு, ஒரு கல்கூடப் பெயர்க்காமல், சாலையின் திறனைப் பெருக்கிக் காட்டியது.

ஆனால், வரி அதிகாரி எழுந்து சென்ற நாற்காலி காலியாகவே இருந்துவிடவில்லை. காவல், மதுவிலக்கு, கனிமவளம், உணவுப் பொருள், கால்நடை, போக்குவரத்து எனத் துறைக்கொரு சோதனை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நியாயம் உண்டு. 2020 ஜனவரி 8-ஆம் தேதி இரவு களியக்காவிளைச் சந்தைச் சாலைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டதை எவரும் மறக்க முடியாது. பாதுகாப்பு தேவையில்லை என்று சொல்பவர் எல்லையை அறியாதவர். ஆயினும், ஒரே லாரியைப் பல துறைகள் தனித்தனியே நிறுத்துவதால் பாதுகாப்பு பன்மடங்காவதில்லை. காத்திருப்பு மட்டுமே பன்மடங்காகிறது. எல்லாவற்றையும் நிறுத்துகிற சாவடி, உண்மையில் எதையும் கூர்ந்து பார்ப்பதில்லை.

அடைக்கப்பட்ட எல்லை என்ன செய்யும் என்பதை கரோனா காலம் காட்டிச் சென்றது. 2020 மார்ச் இறுதியில் கர்நாடகம், கேரளத்துடனான சாலைகளில் மண்ணைக் கொட்டி அடைத்தது. மங்களூரு மருத்துவமனைகளை நம்பியிருந்த காசர்கோடு மக்கள் தவித்தனர். ஏப்ரல் 1-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. அதே வாரத்தில், தமிழக எல்லையை மூடும் எண்ணமில்லை என்று கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன் தெளிவுபடுத்தினார். தமிழக முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி அதை வெளிப்படையாக வரவேற்றார். பண்பான செயல்தான். ஆனால், இரு முதல்வர்களின் நல்லெண்ணத்தை நம்பியே கோடிக்கணக்கானோரின் காய்கறி வர வேண்டும் என்றால், அங்கு அமைப்பு ஏதுமில்லை என்பதே பொருள்.

இங்கு இன்னொரு பாடத்தையும் குறிப்பிட வேண்டும். மேலாண்மையாளர்கள் சாட்டை விளைவு என்று கூறுவது அது. கையை லேசாக அசைத்தாலும் சாட்டையின் நுனி வெகுதூரம் வீசும். நெய்யாற்றின்கரைக் கடைக்காரர் ஒருவர், நாளை எல்லை அடைபடுமோ என்ற ஐயத்தில் 10 மூட்டை வேண்டிய இடத்தில் 15 மூட்டை கேட்கிறார். மொத்த வியாபாரி அதைக் கண்டு 25 மூட்டைக்குச் சொல்லி வைக்கிறார். கொள்முதல் சந்தையில் விலை ஏறுகிறது. விவசாயி அந்த விலையை நம்பி அடுத்த பருவத்தில் கூடுதல் நிலத்தில் பயிரிடுகிறார். ஐயம் தீர்ந்ததும் கடைக்காரர் வாங்குவதைக் குறைக்கிறார். விளைந்தது தெருவில் கொட்டப்படுகிறது. தக்காளியைச் சாலையில் கொட்டும் விவசாயியின் படத்தை ஆண்டுதோறும் நாளிதழ்களில் பார்க்கிறோம். விளைச்சலின் ஏற்ற இறக்கம் அதற்கு ஒரு காரணம். செய்தி தெரியாத அச்சம் மற்றொரு காரணம். அந்த அச்சத்தைப் போக்க இரு அரசுகளுக்கும் பெரும் செலவு ஆகாது. உண்மையான தேவை எவ்வளவு, வரத்து எவ்வளவு என்ற தகவலை எல்லையின் இரு புறமும் ஒரே நேரத்தில் அறியச் செய்தாலே போதும்.

அடுத்து ரேஷன் அரிசிக்கு வருவோம். கேரளத்துக்குக் கடத்தப்படவிருந்த ரேஷன் அரிசி பறிமுதல் என்ற செய்தி குமரி மாவட்டப் பதிப்புகளில் அடிக்கடி வெளியாகிறது. அதிகாரிகள் துரத்திப் பிடிக்கிறார்கள், வழக்குப் போடுகிறார்கள், அடுத்த வாரம் இன்னொரு வாகனம் பிடிபடுகிறது. இதைக் குற்றமாக மட்டும் பார்ப்பவர்களுக்கு விடை கிடைக்காது. தமிழகத்தில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. எல்லைக்கு அப்பால் அரிசிக்கு நல்ல விலை உண்டு. இப்புறம் விலையில்லை, அப்புறம் விலையுண்டு, இடையே நடந்தே கடக்கக்கூடிய தொலைவு. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் போல அரிசி ஓடுகிறது.

ஆனால், கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. வாங்கிய குடும்பம் அந்த அரிசியை ஏன் விற்கிறது? வறுமை ஒரு காரணம். குமரி மேற்குப் பகுதி மக்களின் உணவுப் பழக்கம் இன்னொரு காரணம். பருமனான புழுங்கலரிசிச் சோற்றில் வளர்ந்தவர்கள் அவர்கள். உணவில் பாறசாலைக்காரருக்கும் விளவங்கோட்டுக்காரருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சென்னையில் முடிவு செய்யப்பட்டுக் கிடங்கிலிருந்து தள்ளிவிடப்படும் அரிசி, அவர்கள் விரும்பி உண்ணும் அரிசியாக இருப்பதில்லை. இருப்பதைத் தள்ளுவது ஒரு முறை. தேவையறிந்து வரவழைப்பது மற்றொரு முறை. விநியோகச் சங்கிலி பற்றிய எந்தப் பாடநூலும் இவ்விரு முறைகளின் வேறுபாட்டைத்தான் முதலில் விளக்கும். உண்ணாத அரிசியைக் கொடுத்துவிட்டு, அதை விற்பவரைத் துரத்துவது இரட்டைச் செலவு. ரேஷன் கடை தோறும் மக்கள் விரும்பும் அரிசி வகையைக் கேட்டறிந்து வழங்கும் முறையைக் குமரி மாவட்டத்திலாவது சோதித்துப் பார்த்தால் என்ன? கடத்தல் முழுவதும் நின்றுவிடாது, ஆனால், குறையும்.

விலை வேறுபாட்டை உருவாக்குவது தமிழகம் மட்டுமன்று. கேரளம் 2023 ஏப்ரல் 1 முதல் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு ரூ. 2 சமூகப் பாதுகாப்பு வரி விதித்தது. அதற்கு முன்பே, 2021 ஆகஸ்டில் தமிழகம் பெட்ரோல் மீதான வரியை ரூ. 3 குறைத்திருந்தது. வரி விதிப்பது அந்தந்த மாநிலத்தின் உரிமை. ஆனால், வண்டியைத் திருப்பினால் சில நிமிடங்களில் அடுத்த மாநிலம் என்னும் இடத்தில், அவ்வுரிமையின் விளைவைத் தாங்க வேண்டியவர் எல்லையோரத்துச் சிறு வணிகரே என்பதை எந்த நிதிநிலை அறிக்கையும் கணக்கில் கொள்வதில்லை.

ஒரு சங்கிலியில் பொருள் முன்னோக்கி மட்டும் செல்வதில்லை, பின்னோக்கியும் வருகிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் திருவனந்தபுரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மருத்துவக் கழிவுகள் கொட்டிக் கிடந்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்ட பிறகு, அம்மாதம் கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து அவற்றை அள்ளிச் சென்றனர். காய்கறி கொண்டு சென்ற நாடு கழிவைப் பெற வேண்டுமா என்று தமிழகத்தில் எழுந்த சினம் இயல்பானது. அதே வேளையில், இந்தச் சரக்கும் அதே சாலைகளில், சாவடிகளைக் கடந்துதான் வந்தது. காய்கறி லாரியை நிறுத்தி வைத்த கண்களுக்குக் கழிவு லாரி எப்படித் தெரியாமல் போயிற்று? மருத்துவமனையின் வாயிலிலிருந்து அழிப்பு நிலையம்வரை ஒவ்வொரு மூட்டையும் எங்கே இருக்கிறது என்று பதிவாகும் முறை இரு மாநிலங்களுக்கும் பொதுவாக இருந்தால்தான் இதற்குத் தீர்வு கிடைக்கும்.

கல்லும் தண்ணீரும் இக்கதையின் இரு முனைகள். குமரியின் மலைகளை உடைத்து எடுக்கப்படும் பாறைகள் கனரக லாரிகளில் எல்லையைக் கடக்கின்றன. உடைந்த சாலைகளும் விபத்துகளும் குமரி மக்களுக்கு மிஞ்சுகின்றன. அதே மாவட்டத்தில் நான்கு வழிச்சாலைப் பணி பல ஆண்டுகள் இழுபட்டபோது, மண்ணும் கல்லும் கிடைக்காதது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. மறுமுனையில், நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-இல் நிறுத்தப்பட்டது. தமிழகம் 2012-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. கேரளத்துச் சந்தைக்கு வாழையும் காய்கறியும் அனுப்பும் விவசாயி, அச்சங்கிலியின் முதல் கண்ணி. அவருடைய வயலுக்கு வரும் தண்ணீரை அடைத்துவிட்டு, அவருடைய விளைச்சலை மட்டும் எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்? கல்லைத் தமிழகம் கணக்கிட வேண்டும். தண்ணீரைக் கேரளம் கணக்கிட வேண்டும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசினால் மட்டுமே நியாயம் பிறக்கும்.

இவற்றையெல்லாம் இப்போது பேசுவதற்கு உடனடிக் காரணமும் உண்டு. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி விழிஞ்ஞம் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பெருங்கப்பல்கள் வந்துசெல்லும் அத்துறைமுகம் பாறசாலையிலிருந்து வெகு தொலைவில் இல்லை. அதனை பாலராமபுரத்துடன் இணைக்க 10.7 கி.மீ. ரயில் பாதை திட்டமிடப்பட்டுள்ளது. நாளை திருப்பூர்ப் பின்னலாடையும் தூத்துக்குடிப் பொருள்களும் இவ்வழியே போகலாம். இல்லையெனில், துறைமுகத்தில் ஒரு நாளில் கையாளப்படும் பெட்டி, எல்லையில் அரை நாள் நிற்கும் விந்தையும் நிகழலாம். சங்கிலியின் வேகம் அதன் மிக மெதுவான கண்ணியின் வேகம்தான். துறைமுகத்தைப் பெரிதாக்கிவிட்டு அந்த மெதுவான கண்ணியை அப்படியே விட்டுவைத்தால், போட்ட முதலீட்டின் பயனில் பாதி எல்லைச் சாலையிலேயே கரைந்துவிடும்.

தில்லிக்கு இதில் பொறுப்பில்லையா? 2021 அக்டோபரில் கதி சக்தி திட்டத்தையும், 2022 செப்டம்பரில் தேசிய சரக்குப் போக்குவரத்துக் கொள்கையையும் மத்திய அரசு அறிவித்தது. வரைபடங்களும் இணையதளங்களும் உருவாகியுள்ளன, நல்லது. ஆனால், அரசியல் சாசனத்தின் 301-ஆவது பிரிவு நாடெங்கும் வணிகம் தடையின்றி நடைபெற வேண்டும் என்று கூறுகிறது. அதனை நடைமுறைப்படுத்த ஓர் அமைப்பை நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் நியமிக்கலாம் என்கிறது 307-ஆவது பிரிவு. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அப்படியோர் அமைப்பு உருவாகவில்லை. ஒரு வரியை நாடு முழுவதும் ஒன்றாக்கக் காட்டிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கையாவது இதற்குக் காட்டியிருக்கலாம்.

புதிய அமைப்பு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்த எல்லையை வகுத்த 1956-ஆம் ஆண்டின் அதே மாநில மறுசீரமைப்புச் சட்டம்தான் மண்டலக் குழுக்களையும் ஏற்படுத்தியது. கோடு போட்டவர்களுக்கே, கோட்டின் இருபுறமும் பேச ஓரிடம் வேண்டும் என்ற தெளிவு இருந்திருக்கிறது. மத்திய உள்துறை அமைச்சர் தலைமை வகிக்கும் தென்மண்டலக் குழுவின் 30-ஆவது கூட்டம் 2022 செப்டம்பர் 3-இல் கோவளத்தில் நடைபெற்றது. களியக்காவிளையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அக்குழுவின் கீழ் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்ட ஆட்சியர்களைக் கொண்ட நிரந்தர எல்லைப் போக்குவரத்துக் குழு ஒன்றை அமைப்பதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.

அக்குழு செய்ய வேண்டியவை தெளிவானவை. அனைத்துத் துறைச் சோதனைகளையும் ஒரே இடத்தில், ஒரே முறையாக, இரு மாநில அலுவலர்களும் சேர்ந்து நடத்த வேண்டும். பூ, மீன், பால், காய்கறி ஆகிய அழுகும் பொருள்களுக்குத் தனிப் பாதையும், நிற்கும் நேரத்துக்கு உச்ச வரம்பும் வேண்டும். கழிவுக்கும் கனிமத்துக்கும் பொதுவான பதிவேடு வேண்டும். பேரிடர்க் காலத்தில் எந்தச் சாலை திறந்திருக்கும் என்பது முன்கூட்டியே எழுதி ஒப்பமிடப்பட்டிருக்க வேண்டும். பனச்சமூடு, வெள்ளறடை, ஊரம்பு போன்ற சிற்றூர்களின் கிளைச்சாலைகளும் அதில் இடம்பெற வேண்டும். ஏனெனில், நெடுஞ்சாலை லாரிக்கு உரியது என்றால், கிளைச்சாலை தலைச்சுமைக்காரருக்கு உரியது.

மாநில உரிமை பேசுவோர் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எந்த மாநிலமும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தாமதத்தை மட்டுமே விட்டுக்கொடுக்கிறது. அதிகாரம் தில்லிக்குப் போவதைவிட, எல்லையோர மக்களை அறிந்த இரு மாவட்ட நிர்வாகங்களின் கையில் அது இருப்பதே கூட்டாட்சிக்குப் பொருத்தமானது.

அரசியல்வாதிகளுக்கு எல்லை என்பது தேர்தல் மேடைக்கான பொருள். அதிகாரிகளுக்கு அது ஆவணங்களில் உள்ள ஒரு கோடு. ஆனால், விடியற்காலையில் பூக்கூடையுடன் களியக்காவிளையைக் கடக்கும் பெண்ணுக்கு அது வெயில் ஏறுவதற்குள் தாண்டியாக வேண்டிய இடம். அவருக்குத் தேவைப்படுவது அரை மணி நேரம். எழுபது ஆண்டுகளாக எல்லையைக் காத்துவரும் இரு அரசுகளால் அந்த அரை மணி நேரத்தைத் தர முடியாதா?